கலூல் காட்டின் அடிக்கட்டைகள்

தெற்குச் சோமாலியாவின் ஜூபா ஆற்றுப் பகுதியைச் செயற்கைக்கோள் படங்களில் ஆராய்ந்தவர்கள், மரங்களை எண்ணுவதற்கு முன் கரும்புள்ளிகளை எண்ணினார்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கரிமூட்டம் எரிந்து அடங்கிய இடம். அல் ஷபாப் என்ற தீவிரவாதப் படையின் பிடியில் இருந்த அந்த நிலத்துக்குள் அளவு நாடாவோடு யாரும் நடந்து போக முடியாது. ஆகவே ஐ.நா. உணவு வேளாண் அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஒரே இடத்தின் படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி, புதிதாகத் தோன்றிய கறுப்பு வட்டங்களைக் குறித்தார்கள். வட்டத்திலிருந்து மூட்டத்தின் அளவு, மூட்டத்திலிருந்து கரியின் எடை, எடையிலிருந்து வெட்டுண்ட மரங்கள் என்று கணக்கு பின்னோக்கி நடந்தது. 2011 முதல் 2017 வரை சோமாலியாவில் கரிக்காக வெட்டப்பட்ட மரங்கள் 82 லட்சம் இருக்கும் என்று 2018 மே மாதம் மொகதிஷுவில் கூடிய பன்னாட்டு மாநாட்டின்போது ஐ.நா. அறிவித்தது.

இழந்ததற்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. மீட்பது எப்படி என்று கேட்டால் முதலில் வரும் பதில், கன்று நடுவோம் என்பது. எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை குறைவு. ஏன் என்று சொல்ல, வெட்டப்பட்ட மரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சோமாலியர்கள் கலூல் என்று அழைக்கும் அந்த மரம் வேல மரத்தின் சொந்தம். இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து உடைமரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் உருவம் புதிதாக இராது: குடை விரித்தது போன்ற தலை, முள், பொடி இலை. ஆடும் ஒட்டகமும் அதன் இலையையும் காயையும் தின்கின்றன. ஊர் ஊராக நகரும் மேய்ப்பர்கள் தங்கள் குடிலுக்கு வேண்டிய வளைசட்டங்களை அதன் வேரில் எடுக்கிறார்கள். பட்டையை உரித்து, நாராக்கிக் கயிறும் பாயும் பின்னுகிறார்கள். வெயில் நேரத்தில் மந்தை ஒதுங்குவதும் அதன் அடியில்தான். ஆண்டு முழுவதற்குமான மழை சில நாட்களில் கொட்டிவிட்டுப் போகும் பூமியில், அந்த மழையை மண்ணுக்குள் இறங்கச் செய்வது இந்த மரத்தின் வேரும் அதன் நிழலில் படியும் சருகும். பச்சை மரத்தை வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு மேய்ப்பர்களின் வழக்காற்றுச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்தது. யாரும் மேற்பார்வை செய்யாமலே அது பெரும்பாலும் காக்கப்பட்டும் வந்தது.

கலூலின் கட்டை கனமானது, இறுக்கமானது. அதிலிருந்து வரும் கரி நின்று எரியும், புகை குறைவு. வளைகுடா நாடுகளில் இறைச்சி வாட்டுபவர்களும் ஹூக்கா புகைப்பவர்களும் விரும்பித் தேடும் குணம் இது. அந்தக் குணமே மரத்துக்கு வினையாக முடிந்தது.

கரிமூட்டம் எப்படிப் போடுவது என்று நம் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணைப் போட்டு மூடி, காற்று அளவாக நுழையும்படி துளைவிட்டு, கட்டை எரியாமல் வேகும்படி பல நாட்கள் காவல் இருக்க வேண்டும். சோமாலியாவிலும் வேலை இதேதான். மண்ணுக்கு அடியில் தகரத்தையும் போடுகிறார்கள். இந்த மண் மூட்டங்களில் ஒரு கிலோ கரிக்கு ஐந்து முதல் பத்து கிலோ வரை கட்டை போகிறது. மீதியெல்லாம் புகை. வெட்டுகிறவர்கள் கண்ணில் படுவதையெல்லாம் வெட்டுவதும் இல்லை. முதலில் விழுவது தடித்த, வயதேறிய மரம். அதிகம் காய்ப்பதும் அதிகம் நிழல் தருவதும் அதுதான். எனவே நூறு மரங்களில் பத்துதான் போயிருக்கிறது என்று கேட்டு ஆறுதல் கொள்ள முடியாது. போன பத்தும் அந்தக் காட்டின் தாய் மரங்களாக இருக்கும்.

மரம் போன இடத்தில் நடப்பது மெதுவாகத்தான் கண்ணுக்குத் தெரியும். மழைத்துளி நேராக மண்ணில் அறைகிறது. மேல்மண் இறுகி ஓடு போல் ஆகிறது. நீர் இறங்க வழியில்லாமல் ஓடுகிறது, ஓடுகிற நீர் மண்ணை அரித்து வாய்க்காலாக்குகிறது, வாய்க்கால் ஓடையாகிறது. மூட்டம் எரிந்த இடத்திலோ, வெப்பத்தில் விதையும் வேரும் சேர்ந்து செத்துப்போகின்றன. கரி ஏற்ற வரும் லாரிகளின் தடமும் புதிய நீர்வழியாகிறது. அடுத்த மழை தப்பினால் புல் இல்லை. புல் இல்லையென்றால் மந்தை சாகிறது. மந்தை செத்தவனுக்குக் கைவசம் மிஞ்சுவது ஒரு கோடரி. அவனும் கரி சுடப் போகிறான். சோமாலியாவில் ஒவ்வொரு வறட்சிக்குப் பிறகும் நடந்தது இதுதான். 2010 முதல் 2012 வரையிலான பஞ்சத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்த ஆண்டுகளில் கோடரி தூக்கியவனைக் குற்றவாளி என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

குற்றம் என்று ஒன்று உண்டு. அதன் பெரும்பங்கு காட்டுக்கு வெளியே இருக்கிறது. 1991இல் அரசு சிதைந்தபின் துறைமுகங்கள் ஆயுதம் வைத்திருந்தவர்கள் கைக்குப் போயின. இன்னொரு பக்கம், ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு அஞ்சிய சவூதி அரேபியா, ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதிக் கால்நடைகளை வாங்குவதை 1998இல் நிறுத்தியது. 2000இல் வந்த இரண்டாவது தடை 2009 வரை நீடித்தது. நோய்க்கு அஞ்சியது தவறில்லை. ஆனால் ஆட்டை விற்றுப் பிழைத்த ஒரு சமூகத்துக்கு அந்தச் சந்தை மூடியிருந்த அதே ஆண்டுகளில், அதே கடலின் அக்கரையில் கரிக்குச் சந்தை திறந்தே இருந்தது. மேய்ப்பன் எதை விற்பான்?

2012 பிப்ரவரி 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை தனது 2036ஆம் தீர்மானத்தின் வழியே சோமாலியக் கரியை எந்த நாடும் நேராகவோ சுற்றுவழியிலோ இறக்குமதி செய்யக் கூடாது என்றது. அல் ஷபாபின் வருமானத்தை அடைப்பதே அதன் முதல் நோக்கம். மரம் அந்தத் தீர்மானத்தில் துணைக் காரணம்தான். அதே ஆண்டு கென்யப் படையும் அதன் உள்ளூர்க் கூட்டாளிகளும் கிஸ்மாயோ துறைமுகத்தைக் கைப்பற்றினார்கள். அங்கே லட்சக்கணக்கான மூட்டைகள் ஏற்றுமதிக்குக் காத்துக் கிடந்தன. துறைமுகம் கைமாறியதே தவிர, கரி போவது நிற்கவில்லை. ஐ.நா. கண்காணிப்புக் குழுவே அதை அடுத்த ஆண்டு எழுதி வைத்தது. 2014இல் 2182ஆம் தீர்மானம் கடலில் கப்பல்களை நிறுத்திச் சோதிக்க அனுமதி தந்தது. அதற்குப் பிறகும் கொமரோஸிலும் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைந்த கரி என்று போலிச் சான்றிதழோடு சரக்கு போனது. ஈரானின் தீவுகளில் மூட்டை மாற்றி, ஈரானியச் சரக்கு என்று அச்சிட்டு துபாய்க்கு அனுப்பினார்கள். 2018இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தக் கரியின் மொத்த விலை மதிப்பை ஆண்டுக்கு 15 கோடி டாலர் என்றது. அல் ஷபாப் வரியாக வசூலித்தது குறைந்தது 75 லட்சம் டாலர் என்றது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தொகையில் வணிகர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அவர்களில் யாரும் கோடரி பிடிப்பதில்லை. மூட்டத்துக்குப் பக்கத்தில் தூங்கிப் புகை குடிப்பதும் இல்லை.

இனி, மீட்புக்கு வருகிறேன்.

வறண்ட காட்டில் நட்ட கன்று பிழைப்பது அரிது. நாற்றங்காலில் பையில் வளர்ந்த கன்றுக்கு ஆணிவேர் சுருண்டிருக்கும். நடும் நாளில் அதற்கு இருப்பது ஓரடி மண்ணின் ஈரம். அந்த ஈரம் சில வாரங்களில் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்ற மனிதரும் இல்லை, நீரும் இல்லை. முதல் வறட்சியைத் தாண்டினாலும் முதல் ஆட்டு மந்தையைத் தாண்டாது. வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டையைப் பாருங்கள். கோடரி மேலே இருந்ததை மட்டும் எடுத்துப் போயிருக்கிறது. பல ஆண்டுகள் மண்ணைத் துளைத்துப் போன வேர் கீழே அப்படியே இருக்கிறது. கட்டை இன்னும் இளமையாக இருந்து, அடியில் தீ வைக்கப்படாமல் இருந்தால், ஒரு மழைக்குத் துளிர்க்கும். ஆடு கடிக்காமல் இரண்டு மூன்று ஆண்டுகள் விட்டால் அந்தத் துளிர் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். வயதேறிய கட்டையிலும் தீயில் கருகிய கட்டையிலும் இதை எதிர்பார்க்க முடியாது. அங்கே விதைதான் வழி. வேல மரக் காயைத் தின்ற ஆட்டின், ஒட்டகத்தின் வயிற்றில் விதையின் கெட்டி ஓடு இளகி, விதை எருவோடு சேர்ந்து நிலத்தில் விழுகிறது. தின்று அழிக்கிறது என்று நாம் குற்றம் சாட்டும் அதே ஆடுதான் விதைப்பதும். எனவே ஆட்டை நிரந்தரமாக விரட்டுவது என் கட்சி இல்லை. எந்த ஆண்டில் எந்த இடத்தில் விடலாம், எங்கே விடக் கூடாது என்று முடிவு செய்வதுதான் வேலை.

இதற்கு முன்னுதாரணம் நைஜர் நாட்டில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் மராதிப் பகுதியில் கன்று நட்டு நட்டுத் தோற்ற ஆஸ்திரேலிய வேளாண் ஊழியர் டோனி ரினாடோ, 1983இல் வயல்களில் புதர் என்று எல்லோரும் ஒதுக்கியவை பழைய மரங்களின் அடிக்கட்டைத் துளிர்கள் என்பதைக் கண்டார். ஒவ்வொரு கட்டையிலும் நல்ல துளிர் சிலவற்றை நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிடும்படி உழவர்களிடம் சொன்னார். இருபது ஆண்டுகளில் நைஜரின் தென்பகுதியில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரம் திரும்பியது. நாற்றங்கால் இல்லை, லாரி இல்லை, பெரும் பணம் இல்லை. ஆனால் தொழில்நுட்பத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கதையில் பாதிதான் கிடைக்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து அங்கே மரம் அரசின் சொத்தாக இருந்தது. தன் வயலில் நிற்கும் மரத்தைத் தொட்டாலும் உழவனுக்குத் தண்டம். தனக்கு உரிமையில்லாத மரத்தை யார் காப்பார்? அந்தக் கெடுபிடி தளர்ந்து, என் வயல் மரம் என்னுடையது என்று உழவன் நம்பத் தொடங்கிய பிறகே துளிர்கள் உயர்ந்தன.

சோமாலியாவுக்கு இதை அப்படியே தூக்கிப் போக முடியாது. நைஜரில் வயலுக்கு வரப்பு உண்டு, உடையவன் உண்டு. கலூல் நிற்பது பொது மேய்ச்சல் நிலத்தில். ஒரு குலம் காத்து வைத்த துளிரை, வறட்சியில் நகர்ந்து வரும் இன்னொரு குலத்தின் மந்தை ஒரே பகலில் முடித்துவிடும். மழைக்காலத்தில் ஒரு பகுதியை மூடி வைத்து வறட்சிக்குத் திறக்கும் ஏற்பாடு சோமாலி மேய்ப்பர்களிடம் முன்பே இருந்தது. பெரியவர்கள் கூடிப் பேசி எல்லை வகுப்பார்கள். மீறினால் ஈடு கொடுக்க வேண்டும். போர் அந்தக் கூட்டங்களைக் கலைத்தது. துப்பாக்கி வைத்திருக்கும் இளைஞனிடம் பெரியவர் சொல் எடுபடவில்லை. மரத்தை மீட்பதற்கு முன் அந்தப் பெரியவர்களின் சொல்லுக்கு மதிப்பு மீள வேண்டும். திட்ட அறிக்கைகளில் இது ஒரு வரியாக வரும். களத்தில் பல ஆண்டு உழைப்பு.

ஃபாத்திமா ஜிப்ரெல் செய்தது அந்த உழைப்பைத்தான். அரசு விழுந்த 1991இல் ஹார்ன் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். வடகிழக்குச் சோமாலியாவின் மேய்ப்பர் குடும்பத்தில் பிறந்தவர். போசாசோ துறைமுகம் வழியே வளைகுடாவுக்குக் கரி போய்க்கொண்டிருந்த காலத்தில், இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்பினார். அந்த இயக்கத்தின் விளைவாக 2000இல் அப்பகுதியின் புன்ட்லாந்து நிர்வாகம் கரி ஏற்றுமதியைத் தடை செய்தது. 2002இல் அவருக்கு கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. எனக்கு விருதைவிட முக்கியமாகப் படுவது அவர் தடையோடு நிற்கவில்லை என்பது. கரி இல்லாமல் சமைக்கச் சூரிய அடுப்புகளைக் கொண்டுவந்தார். அரித்தோடும் ஓடைகளின் குறுக்கே கல்லை அடுக்கிச் சிறு தடுப்புகள் கட்ட மக்களைத் திரட்டினார். சிமெண்ட் வேண்டாம், கையால் தூக்கக் கூடிய கல் போதும். தடுப்புக்கு மேற்புறம் நீர் தயங்கி நிற்கிறது, வண்டல் படிகிறது, வண்டலில் புல் முளைக்கிறது, புல்லுக்கு நடுவே ஆட்டு எருவில் வந்த வேல விதையும் முளைக்கிறது. நட்டது யாருமில்லை. கல் அடுக்கிய கூலி மேய்ப்பர் வீட்டுக்குப் போனது. அந்த மாதம் அந்த வீட்டார் கோடரி எடுக்கத் தேவையிருக்கவில்லை. அடிக்கட்டை துளிர்த்து உயர வேண்டிய ஆண்டுகளை விலை கொடுத்து வாங்குவது என்றால் இதுதான்.

ஆண்டுகளை வாங்கப் பொறுமையில்லாதவர்கள் வேகமாக வளரும் மரத்தைக் கொண்டுவருகிறார்கள். அதன் முடிவு தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1870களில் இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேலம், இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துக்கொண்டு, இன்று நீதிமன்றம் வரை போன சிக்கலாக நிற்கிறது. அதே மாவட்டத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல வீடுகளில் உலை கொதித்ததும் அந்த மரத்துக் கரியால்தான். வெட்டிய சில ஆண்டுகளில் மறுபடி தழைத்துவிடும். கென்யாவின் பாரிங்கோவில் 1980களில் வறண்ட நிலத்தை மீட்பதற்கென்றே இதே மரத்தை நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை மூடியது. அதன் இனிப்புக் காயைத் தின்ற ஆடுகளின் பல் சொத்தையாகி விழுந்தது. 2006இல் அப்பகுதியின் இல்சாமுஸ் மக்கள் பல்லில்லாத ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். சோமாலியாவிலும் இந்த மரம் ஏற்கனவே பரவியிருக்கிறது. பரவிய இடத்தில் அதை வெட்டி நகரத்து அடுப்புக்குக் கரியாக்கட்டும். கலூலுக்கு அது கொஞ்சம் மூச்சு தரும். கலூல் நின்ற இடத்தில் அதை நடுவதை மட்டும் மீட்பு என்று எவரும் கணக்கில் எழுதக் கூடாது.

நகரத்து அடுப்பையும் பேசாமல் விட முடியாது. ஏற்றுமதி ஒரு துளி இல்லாமல் நின்றுபோனாலும் மொகதிஷுவிலும் ஹர்கெய்சாவிலும் பெரும்பாலான வீடுகள் கரியில்தான் சமைக்கின்றன. வறட்சியில் மந்தை இழந்து நகர விளிம்புகளில் குடிசை போட்டவர்களும் கரி வாங்குகிறார்கள். அவர்கள் விட்டு வந்த மேய்ச்சல் நிலத்தின் மரமாகவே அது இருக்கக் கூடும். எரிவாயு உருளை அந்த வீட்டுக்கு எட்டும் விலையில் வராத வரை, தடையாணைகள் கரியின் விலையைக் கூட்டும். கூடிய விலை இன்னொரு மரத்தை வெட்டத் தூண்டும். மாற்று எரிபொருள், மாற்றுப் பிழைப்பு, நிலத்தை மீட்பது ஆகிய மூன்றையும் சேர்த்து யோசித்த திட்டம் ஒன்றை 2016இல் ஐ.நா. அமைப்புகளும் சோமாலிய அரசும் சேர்ந்து தொடங்கின. திசை சரி. ஆனால் இத்தகைய திட்டங்களுக்குப் பணம் இரண்டு மூன்று ஆண்டுத் தவணைகளில் வருகிறது. கலூல் முதிர்ந்த மரமாவதற்கு ஒரு தலைமுறை வேண்டும். பணம் நின்ற ஆண்டில் வறட்சி வந்தால், காத்த துளிரெல்லாம் முதல் மூட்டத்துக்குப் போகும். 2020 முதல் 2022 வரை ஐந்து மழைக்காலங்கள் அடுத்தடுத்துப் பொய்த்ததை அந்த நாடு பார்த்திருக்கிறது. இனியும் பொய்க்கும்.

2023 டிசம்பரில் பாதுகாப்பு அவை சோமாலிய அரசின் மீதிருந்த ஆயுதத் தடையை நீக்கியது. கரித் தடையைத் தொடர்ந்து வைத்தது. தொடரட்டும். ஆனால் அந்தத் தடையில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வளைகுடாத் துறைமுகத்தில் போலிச் சான்றிதழோடு பிடிபடும் ஒவ்வொரு சரக்குக்கும் இறக்குமதியாளர் தண்டம் கட்ட வேண்டும். அந்தத் தண்டம் எந்த அரசின் கருவூலத்துக்கும் போகாமல், மரம் வெட்டப்பட்ட மாவட்டத்துக்குத் திரும்ப வேண்டும்: கல் அடுக்கும் கூலியாக, மூடிய மேய்ச்சல் நிலத்தின் காவலருக்குச் சம்பளமாக, வறட்சி ஆண்டில் மந்தைக்குத் தீவனமாக. இருபது ஆண்டுகளுக்கு, இடைவெளி இல்லாமல். ஆண்டுக்கு 15 கோடி டாலர் புரண்ட ஒரு வணிகத்திலிருந்து இதைக் கேட்பது அதிகமில்லை.